எலியின் கால், பெண்ணின் வாய்

யூரின் கல்ச்சரில் கிருமி இல்லை. ஸ்கேனில் கல் இல்லை. “எல்லாம் நார்மல்தாம்மா, மனச லேசா வெச்சுக்குங்க” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். சிறுநீர்ப்பை நிறையும்போதெல்லாம் அடிவயிறு எரிய, இரவில் பத்து முறை எழுகிறவள், பேருந்தில் போகவேண்டிய நாளில் தண்ணீரே குடிக்காதவள், அந்தத் தாளோடு வீடு திரும்புகிறாள். எல்லாம் நார்மல் என்றால் வலிப்பது எது?

இண்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ் என்பது இதன் பெயர். பெரும்பாலும் பெண்களிடமே கண்டறியப்படுகிறது. சிறுநீர்ப்பைச் சுவரில் வரும் புண்களை 1915இலேயே ஹன்னர் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்தார். ஆனால் பலருக்கு அந்தப் புண் இருப்பதில்லை. புண் தெரியாதபோது, குறை அவள் மனதில் என்று ஆனது. 1984இல் அமெரிக்காவில் இந்நோயாளிகளுக்கென்று சங்கம் தொடங்கிய விக்கி ராட்னரும், மருத்துவம் படித்தவராக இருந்தும், நம்பப்படாமல் அலைந்தவர்தான்.

கஞ்சாவின் வேதிப்பொருள்கள் சென்று பொருந்தும் ஏற்பிகள் நம் உடலில் இருக்கின்றன. சிபி1 பெரும்பாலும் நரம்புகளில், சிபி2 பெரும்பாலும் நோயெதிர்ப்பு அணுக்களில். சிறுநீர்ப்பையிலும் இரண்டும் உண்டு. சிறுநீர்ப்பை அழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளில் சிபி2வைத் தூண்டியபோது அழற்சி குறைந்தது, வலியும் தணிந்தது. போதை தருவது சிபி1 வழியாக என்பதால், சிபி2வை மட்டும் தூண்டும் மருந்து கிடைத்தால் மயக்கமின்றி வலி குறையலாம் என்பது நம்பிக்கை. எலிக்குப் பலித்தது நமக்கும் பலிக்கும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. யாரும் இதை நம்பிக் கஞ்சாவைத் தேடிப் போகவேண்டாம்.

என்னை உறுத்துவது வேறு. எலிக்கு வலிக்கிறது என்று எப்படி அறிந்தார்கள்? அதன் பாதத்தை மெல்லிய இழையால் தொட்டார்கள். அது காலை இழுத்துக்கொண்டது. அதையே வலி என்று குறித்துக்கொண்டார்கள். பேசாத உயிரின் கால் அசைவு சாட்சியாகிறது. வாய் திறந்து சொல்லும் பெண்ணின் சொல் ஆகவில்லை.

ஆதாரம் இல்லாமல் மருத்துவம் நடக்குமா என்று கேட்கலாம். நடக்காது. மருந்துக்கு ஆதாரம் கேட்பது நம்மைக் காப்பதற்கு. வலிக்கே ஆதாரம் கேட்பது நம்மை வெளியே நிறுத்துவதற்கு. இரண்டையும் ஒன்றாக்கியதில்தான் அநீதி இருக்கிறது. காரணம் தெரியவில்லை என்பது மருத்துவரின் அறிவைப் பற்றிய செய்தி. அவள் உடலைப் பற்றியது அல்ல. “எனக்குத் தெரியவில்லை, ஆனால் உங்களுக்கு வலிக்கிறது” என்று சொல்ல எந்த ஏற்பியும் கண்டுபிடிக்கப்படத் தேவையில்லை.

நாளை அந்த மருந்து வரட்டும். நேற்றே அவள் சொன்னது உண்மைதான்.