ஹாம்ஸ்டருக்கு ஒரு நினைவுக்கல்

ஜப்பானில் பல பல்கலைக்கழக வளாகங்களில் ஒரு கல் நிற்கிறது. ஆய்வுக்கூடத்தில் உயிர்விட்ட எலிகளுக்கும் முயல்களுக்கும் ஹாம்ஸ்டர்களுக்கும் நட்ட நினைவுக்கல். ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வாளர்கள் அதன்முன் கூடி, பூ வைத்து வணங்குகிறார்கள். உயிரை எடுத்த கையே பூவும் வைக்கிறது. பௌத்தத்தின் பஞ்சசீலத்தில் முதல் சீலமே கொல்லாமை. வணக்கம் அந்தப் பழியைத் தீர்க்குமா?

பதில் தேட, அத்தகைய உயிர்கள் பலியான நுரையீரல் ஆய்வுகளுக்குள் போகவேண்டும்.

1963இல் சுவீடனின் மால்மோ நகரில் ஆய்வாளர்கள் லாரெலும் எரிக்சனும், ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற ரத்தப் புரதம் சிலரிடம் மிகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அவர்களில் சிலருக்கு எம்பைசீமா இருந்தது. இழுத்த மூச்சை முழுதாக வெளியே விட முடியாத நோய். ஏறக்குறைய அதே காலத்தில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் பால் கிராஸ் குழுவினர் எலிகளின் நுரையீரலில் பப்பைனைச் செலுத்தினார்கள். பப்பாளிப் பாலில் இருக்கும், இறைச்சியை மென்மையாக்கும் அதே நொதிதான். எலிகளின் காற்றறைச் சுவர்கள் சிதைந்தன. நுரையீரல் விரிந்து சுருங்க உதவும் எலாஸ்டினை நொதிகள் அரிக்கின்றன, அவற்றைத் தடுக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைந்தால் காவல் இல்லை என்பது இப்படித்தான் புலப்பட்டது. 1987இல், மனிதக் குருதியிலிருந்து பிரித்த அந்தப் புரதமே அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. அந்த எலிகளுக்கு மனிதர் கடன்பட்டிருக்கிறார்கள். மறுக்க முடியாது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. எலாஸ்டினை அரிக்கும் எலாஸ்டேஸ் நொதியைத் தடுக்கும் சிவெலெஸ்டாட் ஜப்பானில் உருவான மருந்து. ஹாம்ஸ்டர்களின் நுரையீரல் சேதத்தை அது குறைத்தது. 2002இல் அங்கே விற்பனைக்கும் வந்தது. தீவிர நுரையீரல் பாதிப்புள்ள 492 பேரிடம் பல நாடுகளில் நடந்த சோதனையோ பாதியில் நின்றது. 28 நாள் கணக்கில் உயிர்காக்கும் பலன் தெரியவில்லை. நாள் செல்லச்செல்ல, மருந்து பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாகத் தென்பட்டது. சோதனை முடிவுகள் 2004இல் வெளியாயின.

ஹாம்ஸ்டரின் உடல் சொன்ன பதில் மனித உடலுக்குப் பொருந்தவில்லை. அந்த உயிர்களுக்கு எந்தக் கல்லின்முன் என்ன சொல்வது?

தேவை என்பது கொலையை விளக்கும், குற்றமற்றதாக்காது. 1959லேயே ஆய்வாளர்கள் ரஸ்ஸலும் பர்ச்சும் வழி காட்டினார்கள்: முடிந்த இடத்தில் விலங்குக்கு மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைத் தணி. நன்றி இந்த மூன்றிலும் தெரியவேண்டும். கல்லின்முன் பூ வைப்பவர்கள், அந்த ஆண்டு எத்தனை உயிர்களை எடுத்தார்கள், அவற்றில் எத்தனையைத் தவிர்த்திருக்கலாம் என்ற கணக்கையும் அங்கே உரக்க வாசிக்கட்டும்.