ஒத்த வாசிப்பும் உண்மை வாசிப்பும்

இரசாயனவியலைச் சிறப்புப் பாடமாகப் பயில்வோர்க்குச் செய்முறை கட்டாயமானது. நியமிப்பிலே அளவியின் வாசிப்புகள் 0.1 மில்லிலீற்றருக்குள் ஒத்திருத்தல் வேண்டும். பிழைபட்ட பதிவை அழிக்காது ஒற்றைக் கோட்டால் வெட்டுதல் வேண்டும். முன்னையது ஒப்பினைக் கேட்கிறது. பின்னையது உண்மையைக் கேட்கிறது. ஒப்புக்கே புள்ளியெனின், மூன்றாம் வாசிப்பைக் கற்பனையால் நிரப்ப மாணவன் தூண்டப்படுகிறான். குற்றம் எவருடையது?

இரு வழிகளிற் பெற்ற நைதரசனின் அடர்த்திகள் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபடுவதை றேலி பிரபு கண்டார். 1892 இல் அதனை மறையாது வெளியிட்டு விளக்கம் வேண்டினார். 25 மில்லிலீற்றரில் 0.1 என்பதோ ஆயிரத்தில் நான்கு! அவ்வொவ்வாமையைத் தொடர்ந்து ஆராய்ந்தே 1894 இல் அவரும் றாம்சேயும் ஆகனைக் கண்டறிந்தனர்.

விதி தூண்டினும் எழுதுவது மாணவன் கையே. ஆதலின் அவன் பொறுப்பு நீங்காது. ஆயினும், ஒவ்வாத வாசிப்பை நேர்மையாய்ப் பதிந்து காரணம் ஆராய்ந்தவனுக்கும் புள்ளி வழங்குதல் விதி வகுப்போர் கடனாகும்.