வாலியின் கேள்வி

ஆடுதுறை ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஊர்தான் தென்குரங்காடுதுறை என்பது ஞாபகம் இருக்குமோ, தெரியாது. சுக்ரீவன் பூஜித்த ஸ்தலம். வாலி பூஜித்தது வடகரையில், திருவையாற்றுச் சாலையில் இருக்கிற வடகுரங்காடுதுறை. ஜன்மப் பகையாளிகளான அண்ணன் தம்பிக்குக் காவிரியின் இரு கரையிலும் ஆளுக்கொரு கோயில் கொடுத்துப் பாகப்பிரிவினை செய்துவைத்திருக்கிறார்கள் நம் முன்னோர்கள்.

அந்த ஸ்டேஷனில் போன தை மாதம் ஒரு குரங்கு என் நண்பன் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடிற்று. நான் கல்லைத் தேடினேன்.

"விடுடா, பழைய பாக்கி" என்றான் அவன்.

அவன் என்னோடு படித்தவன். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. இரும்புச் சட்டம் போட்ட பூட்ஸோடு பள்ளிக்கூடம் வருவான். இப்போது விஞ்ஞான வாத்தியார். என்ன பாக்கி என்று கேட்டேன். வண்டி தாமதம், பெஞ்சில் உட்கார்ந்து கணக்கைச் சொன்னான்.

கணக்கு 1908-இல் வியன்னாவில் ஆரம்பிக்கிறது. இந்த நோயில் இறந்துபோன ஒரு சிறுவனின் முதுகுத்தண்டிலிருந்து எடுத்த சத்தை லாண்ட்ஸ்டைனரும் பாப்பரும் முயலுக்கும் எலிக்கும் ஏற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு குரங்குகளுக்கு ஏற்றினார்கள். இரண்டும் நோயில் விழுந்தன. ஒன்றுக்குக் கால்கள் விளங்காமல் போயின. நோய்க்குக் காரணம் ஒரு கிருமி, அது பாக்டீரியாவைவிட நுண்ணியது என்று புரிந்தது அப்படித்தான்.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. வேடிக்கை என்று சொல்லலாமோ, கூடாதோ! நியூயார்க்கில் ஃப்ளெக்ஸ்னர் என்ற பெரிய நிபுணர் செம்முகக் குரங்குகளை வைத்துக்கொண்டு, இந்தக் கிருமி மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது என்று முடிவு கட்டினார். அந்தக் குரங்கு ஜாதிக்கு வாய் வழியாகக் கொடுத்தால் நோய் லேசில் பற்றுவதில்லை. மனிதக் குழந்தைக்கோ வாய்தான் வழி. கிருமி குடலில் குடித்தனம் செய்கிறது. இருநூறு பேரில் ஒருவருக்குத்தான் நரம்பு மண்டலத்துக்குள் புகுந்து காலையோ கையையோ வாங்குகிறது. ஸ்வீடன்காரர்கள் 1912-லேயே குடலில் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். யார் கேட்டார்கள்? குரங்கு சொன்னதுதான் வேதம். 1937-இல் டொரான்டோவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மூக்கில் துத்தநாக மருந்தைப் பீய்ச்சினார்கள். நோய் தடைப்படவில்லை, சில குழந்தைகளுக்கு வாசனை தெரியாமல் போனதுதான் மிச்சம். 1941 வாக்கில்தான் குடல் வழி ருசுவாயிற்று.

1955-இல் சால்க்கின் தடுப்பூசி வந்தது. அதற்கான கிருமியைக் குரங்கின் சிறுநீரகத் திசுவில் வளர்த்தார்கள். அந்தக் குரங்குகளில் பெரும்பகுதி நம் வடநாட்டிலிருந்து போனவை. அதே ஆண்டு லண்டன் விமான நிலையத்தில் நூற்றுக்கணக்கான குரங்குகள் கூண்டுக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்தன. நம் சர்க்கார் ஏற்றுமதியை நிறுத்தியது. பிறகு நிபந்தனையோடு விட்டது. 1978-இல் ஒரேயடியாகத் தடுத்தது.

எனக்குக் கிஷ்கிந்தை ஞாபகம் வந்தது. கம்பன் பிறந்த தேரழுந்தூர் அங்கிருந்து வெகு தூரமில்லை. மறைந்து நின்று ஏன் அம்பு விட்டாய் என்று வாலி கேட்கிறான். வால்மீகியின் ராமன் இரண்டு பதில் சொல்கிறான். தம்பி மனைவியைக் கவர்ந்தது தர்ம விரோதம், அதற்குத் தண்டனை இது என்பது ஒன்று. நீ கிளையில் திரிகிற மிருகம், மிருகத்தை ஒளிந்திருந்து வேட்டையாடினால் குற்றமில்லை என்பது இன்னொன்று. ஒரே மூச்சில் வாலி மனிதனுமாகிறான், மிருகமுமாகிறான். ஆய்வுக்கூடத்து நியாயமும் அச்சாக இதுதான். குரங்கின் முதுகுத்தண்டு நம்முடையதைப் போல இருப்பதால் சோதனை செல்லும். அது நாமல்ல என்பதால் சோதனை செய்யலாம். கம்பனுக்கு இந்த இடம் உறுத்தியிருக்க வேண்டும். 'நாங்கள் மிருகம்தானே' என்ற வாதத்தை வாலியின் வாயிலேயே போட்டுவிட்டு, உடம்பல்ல, அறிவுதான் அளவு என்று ராமனைச் சொல்லவைக்கிறான். மறைந்து நின்றதற்குச் சமாதானம் சொல்கிற வேலையை லட்சுமணனிடம் தள்ளிவிடுகிறான்.

"இருந்தாலும் உன் கால் மாதிரி எத்தனை கால் தப்பித்தது? 2011-க்கு அப்புறம் அந்தக் காட்டுக் கிருமியால் நம் தேசத்தில் ஒரு குழந்தைக்கும் வரவில்லையே" என்றேன்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் காலைச் சாட்சிக்குக் கூப்பிடாதே. அந்தச் சொட்டு மருந்துக்கு என் பெண்ணை நான்தான் தூக்கிண்டு போனேன். இன்னொரு குழந்தை இருந்தா அதையும் தூக்கிண்டு போவேன். தேவைப்பட்டு வாங்கினேன்கிறதுக்காகக் கடன் இல்லைன்னு ஆயிடுமா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பேச்சை மாற்ற, இப்போதும் குரங்குதானா என்று கேட்டேன். பெரும்பாலும் எலி என்றான். 1990-இல் நியூயார்க்கிலும் அடுத்த ஆண்டு டோக்கியோவிலும், இந்தக் கிருமி பற்றிக்கொள்ள மனிதனிடம் இருக்கிற கொக்கியை எலியின் மரபணுவிலேயே சேர்த்து எலிக்கு இளம்பிள்ளை வாதம் வரவழைத்தார்கள். சொட்டு மருந்தைக் குரங்கின் தண்டுவடத்தில் செலுத்திப் பரீட்சை செய்வதற்குப் பதில் இந்த எலியை வைத்துக்கொள்ள உலக சுகாதார நிறுவனமும் ஒப்புக்கொண்டது. 1998-இல் தைவான் குழந்தைகளை வதைத்த என்டெரோவைரஸ் 71 இதற்குப் பங்காளி. கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளமாக வந்து, சில குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும். அதை ஆராய்வது பிறந்து சில நாளே ஆன எலிக் குஞ்சுகளில். வளர்ந்த எலியை அது லேசில் ஒன்றும் செய்வதில்லை.

"அப்போ எலிக்குப் பாக்கி கிடையாதா?"

"அதைப் பிள்ளையார் கோயில்லதான் கேக்கணும்" என்று சிரித்தான்.

வண்டி வந்தது. படி உயரம். அவன் முதலில் கைப்பிடியைப் பற்றி வலது காலை வைத்தான். பிறகு குனிந்து, இடது காலை ஒரு கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டான்.