சூட்டின் கணக்கு

குளிர்காலத்தில் அலுவலகத்துக்கு எதை உடுத்திக்கொண்டு போவது என்பது அறம் சார்ந்த கேள்வி என்று சொன்னால் பலர் சிரிப்பார்கள். அது ரசனை சார்ந்த விஷயம், அழகுக் குறிப்பு எழுதுபவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது என்பார்கள். பெண்களின் உடை பற்றிய எந்தக் கேள்வியையும் இப்படித்தான் சிறிதாக்கி ஒதுக்குகிறார்கள். ஆனால் பலர் சேர்ந்து உழைக்கும் ஓர் அறையின் வெப்பநிலை யாருடைய உடலை மனதில் வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது? அது பொருந்தாதவர்கள் அந்தக் குறையைத் தங்கள் பணத்தாலும் நேரத்தாலும் ஏன் ஈடுசெய்ய வேண்டும்? இப்படிக் கேட்டவுடன் விஷயம் ரசனையிலிருந்து நீதிக்கு வந்துவிடுகிறது.

நான் ரொறன்ரோவில் பல ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவு ஒன்றில் வேலை செய்கிறேன். இங்கே குளிர் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை இழுபடும். காற்றின் குளிரையும் சேர்த்தால் மைனஸ் 20க்குக் கீழே இறங்கும் காலைகளும் உண்டு. ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸிலும் சப்வேயிலும் நகர மையத்துக்குப் போகிற ஒரு பெண்ணின் பையைத் திறந்தால், சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சோடி மெல்லிய சப்பாத்து இருக்கும். காலில் இருக்கும் பூட்ஸ் பனிக்கும் தெருவில் கொட்டிய உப்புக்கும் உரியது. பையில் இருக்கும் சப்பாத்து அலுவலகத்தின் கண்ணுக்கு உரியது.

அவள் ஒரு காலையில் மூன்று காலநிலைகளுக்கு உடுத்துகிறாள். தெருவில் உறைகுளிர். ரயிலுக்குள் நெரிசலும் சூடும். தடித்த கோட்டுக்குள் முதுகு வியர்க்கும். பிறகு அலுவலகம். ஈரமான முதுகோடு எட்டு மணித்தியாலம் அசையாமல் இருக்க வேண்டிய இடம் அது. கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்து மேசை என்றால் இன்னும் மோசம். ஆகவே தோலை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி, அதன் மேல் மேற்சட்டை, அதன் மேல் கார்டிகன், கூட்டம் இருந்தால் அதற்கும் மேல் ஒரு பிளேசர். இத்தனையும் போட்ட பிறகு குண்டாகத் தெரியக்கூடாது. கழுத்தோரம் உள்ளாடையின் விளிம்பு எட்டிப் பார்க்கக்கூடாது. குளிர்கிறது என்பதே தெரியக்கூடாது. பெண்களுக்கான குளிர்கால அலுவலக உடையின் எழுதாத விதி இதுதான்: சூடு இருக்கலாம், ஆனால் ஒளிந்திருக்க வேண்டும்.

நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கான வேலைதேடல் வகுப்பு ஒன்றில் முன்பு இருந்திருக்கிறேன். நேர்முகத் தேர்வுக்கு என்ன உடுத்துவது என்று சொல்லித் தந்தார்கள். ஆண்களுக்கான பாடம் ஒரே வரியில் முடிந்தது: கடும் நீலத்தில் ஒரு சூட். பெண்களுக்கான பாடம் அரை மணித்தியாலத்துக்கு மேல் போனது. பாவாடை முழங்காலுக்கு எவ்வளவு கீழே, காலுறையின் நிறம் என்ன, குதிக்கால் எவ்வளவு உயரம், நகை எத்தனை. அந்த அரை மணித்தியாலத்தில் குளிர் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

ஆண்களுக்கு ஏன் அதைச் சொல்லவே தேவையில்லை என்பது பின்னால்தான் விளங்கியது. சூட் தானாகவே சூடான உடை. உள்ளாடை, முழுக்கைச் சட்டை, கோட், நீளக் காற்சட்டை, தடித்த காலுறை, மூடிய சப்பாத்து. கழுத்தைக்கூட ஒரு பட்டி மூடியிருக்கிறது. ஓர் ஆண் மதிப்பாக உடுத்தினால் கதகதப்பும் கூடவே வந்துவிடும். பெண்ணுக்கு மதிப்பும் கதகதப்பும் இரண்டு தனிப் பட்டியல்கள். ஒன்றுக்காக மற்றதிலிருந்து கழிக்க வேண்டும்.

இது என் மனக்குறை மட்டுமல்ல, அறிவியல் அளவிலேயே பதிந்திருக்கும் கதை. உடை தரும் வெப்பத்தை அளக்க ‘குளோ’ என்று ஓர் அலகு இருக்கிறது. 1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதை முன்வைத்தார்கள். 21 பாகை செல்சியஸ் உள்ள அறையில் அமைதியாக இருக்கும் ஒருவர் வசதியாக உணரத் தேவையான உடை ஒரு குளோ. நடைமுறையில் அது அந்தக் காலத்து ஆண்கள் அலுவலகத்துக்குப் போட்டுவந்த சூட்டின் அளவு. முழங்கால் பாவாடையும் அரைக்கை மேற்சட்டையும் ஏறக்குறைய அரை குளோதான். அதாவது கதகதப்பை அளக்கும் அளவுகோலே ஓர் ஆணின் சூட்டிலிருந்து செய்யப்பட்டது. அந்த அளவுகோலின்படி, ‘ஒழுங்காக’ உடுத்திய பெண் பாதி உடுத்தியவள்.

உடைக்கு உள்ளே இருக்கும் உடலின் கதையும் இதுவே. அறையின் வெப்பநிலையைக் கணக்கிடும்போது, அங்கே இருப்பவர்களின் உடல் எவ்வளவு வெப்பத்தை உண்டாக்குகிறது என்ற எண்ணும் தேவை. பல காலமாகப் பயன்பட்ட எண், ஏறக்குறைய 40 வயதும் 70 கிலோ எடையும் உள்ள ஓர் ஆணுடையது. நெதர்லாந்தின் போரிஸ் கிங்மா, வூட்டர் வான் மார்க்கன் லிக்டன்பெல்ட் ஆகிய இருவர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, பெண்களின் உடல் உண்டாக்கும் வெப்பத்தை அந்த எண் 35 சதவீதம் வரை கூட்டிக் காட்டக்கூடும் என்றது. அவர்கள் அளந்தது 16 இளம்பெண்களை மட்டுமே, ஆகவே அதை முடிந்த முடிவாக எடுக்கத் தேவையில்லை. என்றாலும் கேள்வி நியாயமானது: சராசரி மனிதர் என்று எழுதும்போது ஏன் எப்போதும் ஓர் ஆணை வரைகிறோம்?

குளிர் வெறும் அசௌகரியம்தானே என்று கேட்கலாம். 2019இல் வெளியான இன்னோர் ஆய்வில், பெர்லினில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாணவர்களை வெவ்வேறு வெப்பநிலைகளில் இருத்திக் கணக்கும் சொற்களும் தேர்வு வைத்தார்கள். அறை சூடாகச் சூடாகப் பெண்கள் கூடுதலாகச் செய்தார்கள். ஆண்கள் சற்றுக் குறைந்தார்கள், ஆனால் பெண்கள் கூடிய அளவைவிட அந்தக் குறைவு சிறியது. விறைத்த விரலோடு தட்டச்சுச் செய்யும் எவருக்கும் இது புதிய செய்தியல்ல. பதவி உயர்வு எழுதப்படுகிற ஓர் இடத்தில், குளிர் என்பது கணக்கில் வராத ஒரு கழித்தல்.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. குளிர்கிறவர் இன்னொரு துணியைப் போடலாம், வேர்க்கிறவர் ஓர் அளவுக்கு மேல் கழற்ற முடியாது. ஆகவே அறை குளிராக இருப்பதே எல்லோருக்கும் நியாயம். கேட்கும்போது சரியாகத்தான் தெரிகிறது. நான் இரண்டு இடங்களில் இதோடு முரண்படுகிறேன்.

முதலாவது, போடலாம் என்ற சொல்லுக்கு விலை இருக்கிறது. நல்ல மெரினோ உள்ளாடை ஒன்றின் விலையில் ஒரு வாரக் காய்கறி வாங்கலாம். மெல்லியதும் சூடானதும் அழகானதுமான எதுவும் இங்கே மலிவு இல்லை. மலிவான சூடு பருமனானது, அந்தப் பருமனைத்தான் அலுவலகம் அலட்சியமாகப் பார்க்கிறது. இரண்டாவது, கழற்ற முடியாது என்பது இயற்கையின் விதி அல்ல, உடையின் விதி. 2005இல் ஜப்பான் அரசு இதைச் செய்து காட்டியது. அப்போது சுற்றாடல் அமைச்சராக இருந்தவர் யூரிகோ கொய்கே என்ற பெண். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, கோடையில் அலுவலகக் குளிரூட்டியை 28 பாகையில் வைக்கச் சொன்னார்கள். கூடவே ஆண்கள் கோட்டையும் கழுத்துப்பட்டியையும் கழற்றிவிட்டு வரலாம் என்றார்கள். பிரதமரே கழுத்துப்பட்டி இல்லாமல் வந்து நின்றார். அதுவரை கழற்றவே முடியாது என்றிருந்ததைக் கழற்ற ஓர் அறிவிப்புப் போதுமாக இருந்தது. 28 எல்லோருக்கும் பொருந்துமா என்பது வேறு கேள்வி. ஆனால் ஆண்களின் மதிப்பைக் காக்கும் ஒரு துணிக்காகப் பெண்கள் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள் என்பது அன்று வெளிப்பட்டது.

அப்படியென்றால் அழகையே கைவிட்டுவிடலாமே என்று பெண்ணியம் பேசும் தோழிகள் சிலர் சொல்வதுண்டு. தடித்த சுவெட்டரைப் போட்டுக்கொண்டு போ, பார்ப்பவர் பார்க்கட்டும். இதிலுள்ள துணிவை மதிக்கிறேன். ஆனால் யாருக்கு இது முடியும்? எங்கள் கட்டிடத்தில் மிக உயர்ந்த சம்பளம் வாங்குபவர்களில் சிலர் கசங்கிய ஹூடியோடு வருகிறார்கள். அது எளிமை என்று பாராட்டப்படுகிறது. அதே ஹூடியோடு பழுப்புத் தோலும் வேற்று உச்சரிப்பும் கொண்ட ஒரு பெண் வந்தால், வரவேற்பு மேசையில் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்பார்கள். உடையைப் புறக்கணிக்கும் சுதந்திரம், ஏற்கனவே மதிக்கப்படுபவர்களுக்குத்தான் கிடைக்கிறது. மற்றவர்களுக்கு நேர்த்தியான உடை ஓர் அடையாள அட்டை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு அழகாக உடுத்தப் பிடிக்கும். ஒரு நல்ல கம்பளிக் கோட்டின் கனம் தோளில் இறங்கும்போது வருகிற மகிழ்ச்சி என்னுடையது, எவரும் ஊட்டியது அல்ல. 1881இல் லண்டனில் உடைச் சீர்திருத்தச் சங்கம் ஒன்றைத் தொடங்கிய பெண்கள், இடுப்பை இறுக்கும் கச்சையையும் கிலோக்கணக்கான உள்பாவாடைகளையும் எதிர்த்தார்கள். ஆனால் அவர்கள் கேட்டது ஆரோக்கியம், வசதி, அழகு மூன்றையும். ஒன்றுக்காக மற்றதை விடச் சொல்லவில்லை. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் பெண்களிடமும் அது உண்டு. 2016இல் கனடிய நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது. தைப்பொங்கலும் கடுங்குளிரும் ஒன்றாக வரும் மாதம் அது. விழாவுக்கு எல்லோரும் சேலையில் வருவோம். கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று, “உள்ளுக்கு ஏதும் போட்டனீரோ பிள்ளை?” என்று மூத்த அக்காமார் கேட்பார்கள். “ரெண்டு போட்டிருக்கிறன் அக்கா” என்று பதில் வரும். பட்டுச் சேலைக்குள் தெர்மல் காற்சட்டை, பாவாடைக்குக் கீழே பூட்ஸ். அந்தச் சிரிப்பில் ஒரு வெற்றி இருக்கிறது. ஆனால் அங்கே குளிரை ஒளிக்கும் விளையாட்டை நாங்களே தேர்ந்தெடுத்தோம், வருடத்தில் ஒரு நாள். அலுவலகத்தில் அது ஐந்து மாதக் கட்டாயம்.

சட்டம் சிறிது உதவியிருக்கிறது. 2017இல் ஒன்ராறியோ, உயர்ந்த குதிக்கால் சப்பாத்தைப் போடுமாறு வேலைதருவோர் கட்டாயப்படுத்துவதைத் தடைசெய்தது. மேடை, விளம்பரக் கலைஞர்களுக்கு மட்டும் விலக்கு. வேலையிடம் 18 பாகைக்குக் குறையக்கூடாது என்றும் இங்கே விதி இருக்கிறது. ஆனால் 18 பாகையில் கோட்டுப் போட்டவர் தாங்குவார். மெல்லிய மேற்சட்டையோடு அசையாமல் இருப்பவர் நடுங்குவார். எண் ஒன்றுதான், அது இருவருக்கும் வேறு வேறு குளிர்.

அப்படியானால் எண்ணைப் பெண்களுக்காக உயர்த்தினால் போதுமா? போதாது. எனக்கு எதிர் மேசையில் இருக்கும் தோழிக்கு மாதவிடாய் நிற்கும் காலம். ஜனவரியிலும் அவளுடைய மேசையில் ஒரு சிறு மின்விசிறி சுழலும். உடல் திடீரென்று எரியும்போது மூன்று அடுக்கு உடையைக் கழற்ற அவளுக்கு இடமில்லை. எனக்கு ஒத்துவரும் அறை அவளுக்கு வதை. சராசரி ஆணை எடுத்துவிட்டுச் சராசரிப் பெண்ணை அந்த இடத்தில் வைத்தால் அவள் மறுபடியும் விடுபடுவாள். நாம் கேட்க வேண்டியது இன்னோர் எண்ணை அல்ல. குளிர்கிறது, எரிகிறது என்று வெளிப்படையாகச் சொல்லும் உரிமையையும், சொன்னால் மேசையை மாற்றவோ காற்று வரும் துவாரத்தைத் திருப்பவோ செய்கிற ஏற்பாட்டையும் கேட்க வேண்டும்.

நாங்கள் போன பிறகு அதே தளத்துக்கு வருபவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மாலையில் பல கட்டிடங்களில் சூடாக்கலைக் குறைத்துவிடுவார்கள், யாரும் இல்லை என்ற கணக்கில். அப்போதுதான் துப்புரவு செய்யும் பெண்கள் வருகிறார்கள். எங்கள் தளத்துக்கு வரும் அக்கா, நிறுவனம் கொடுத்த மெல்லிய அரைக்கைச் சட்டைக்கு உள்ளே சுவெட்டர் போட்டிருக்கிறார். மேலே போட்டால் சீருடை மறையும் என்று மேற்பார்வையாளர் கண்டிப்பாராம். இறுக்கமான சட்டைக்குள் சுருண்டிருக்கும் கம்பளிக் கையைப் பார்த்தபோது, என் மேற்சட்டைக்குள் இருக்கும் மெரினோவும் அவருடைய சுவெட்டரும் ஒரே விதிக்குக் கீழ்ப்படிகின்றன என்று தோன்றியது. என்னிடம் அதை அழகாக ஒளிக்கப் பணம் இருக்கிறது, அவரிடம் இல்லை.

ஆகவே அலுவலகக் குளிருக்கு எதை உடுத்துவது என்று என்னிடம் கேட்கும் இளம்பெண்களுக்கு இரண்டு பதில் சொல்கிறேன். தோலை ஒட்டிக் கம்பளி போடுங்கள், பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் அது குளிரும். கால் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்த நிறத்தில் ஒரு நல்ல சால்வை வாங்குங்கள், அதை ஒளிக்காதீர்கள், கூட்டத்திலும் போர்த்திக்கொண்டே பேசுங்கள். இது முதலாவது பதில்.

இரண்டாவது, உங்கள் தளத்தின் வெப்பநிலையை யார் தீர்மானிக்கிறார்கள், எந்த நேரத்துக்கு என்ன எண் வைக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் பெயரோடு இன்னும் நான்கு பேரின் பெயரைச் சேருங்கள். இரவில் வருகிற அக்காவின் நேரத்தையும் அந்தக் கடிதத்தில் குறிப்பிட மறக்காதீர்கள்.