சொல்லின் பொறுப்பு எவருடையது?

ஒருவர் சொல்கிறார், மற்றவர் கேட்கிறார். சொன்ன பொருள் ஒன்றாகவும் கொண்ட பொருள் வேறொன்றாகவும் அமைந்து, அதனாற் கேடு விளையுமாயின் அக்கேட்டுக்குப் பொறுப்பாளி யார்? தெளிவாகச் சொல்லாதவரா, சரிவரக் கேளாதவரா? அன்றாட வாழ்வில் இவ்வினா பெரிதாக எழுவதில்லை. பிழையாக விளங்கிக்கொண்டதைத் திருத்திக்கொள்ள அங்கு அவகாசம் உண்டு. அந்த அவகாசம் சில கணங்களாகச் சுருங்கிவிடும் இடமொன்றும் உண்டு. விமானிக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கும் இடையே நிகழும் வானொலி உரையாடலே அது. ஒருவர் முகத்தை மற்றவர் காணார். குரல் ஒன்றே துணை. சொல்லின் அறத்தை ஆராய்வதற்கு இது பொருத்தமான களமாகும்.

1977 மார்ச் 27 ஆம் நாள், கனாரித் தீவுகளுள் ஒன்றான ரெனெரிஃபில், லொஸ் ரொடேயோஸ் விமான நிலையத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஒரே ஓடுபாதையில் இருந்தன. அயற்றீவான கிரான் கனாரியாவின் விமான நிலையத்திற் குண்டு வெடித்தமையால் இரண்டும் இங்கு திருப்பப்பட்டிருந்தன. ஒல்லாந்தின் கே.எல்.எம். விமானம் ஓடுபாதையின் முனையில் நின்றது. அமெரிக்காவின் பான் அமெரிக்கன் விமானம் அதே பாதையில் ஊர்ந்துகொண்டிருந்தது. மூடுபனி காரணமாக ஒன்றையொன்று காணவில்லை. கோபுரத்திலிருந்தவரும் இரண்டையும் காணவில்லை.

மேலெழுந்த பின்னர் செல்லவேண்டிய வழிக்கான அனுமதியைக் கோபுரம் கே.எல்.எம். விமானத்துக்கு வழங்கியது. மேலெழுவதற்கான அனுமதி அதுவன்று. ஆயினும் 'மேலெழுதல்' என்னுஞ் சொல் அவ்வாசகத்தில் இடம்பெற்றிருந்தது. துணை விமானி அதனைத் திருப்பிச் சொல்லி முடிக்குமுன்னரே தலைமை விமானி விமானத்தைச் செலுத்தத் தொடங்கிவிட்டார். அவ்வேளை துணை விமானி கூறிய ஆங்கிலத் தொடர் இருபொருள் தருவதாயிற்று. 'மேலெழுந்துகொண்டிருக்கிறோம்' என்பது அவர் கருத்தாயிருக்கலாம். 'மேலெழும் இடத்தில் நிற்கிறோம்' என்றே கட்டுப்பாட்டாளர் கொண்டார். "ஓகே" என்ற அவர், சிறிது இடைவெளி விட்டு, தாம் அழைக்கும் வரை காத்திருக்குமாறு பணித்தார். அக்கணத்திலேயே பான் அமெரிக்கன் விமானியும், தாம் இன்னும் ஓடுபாதையிலே செல்வதாக அறிவித்தார். ஒரே அலைவரிசையில் இரு குரல்கள் மோதியமையால், ஒல்லாந்து விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது "ஓகே" மட்டுமே, எஞ்சியது இரைச்சலாயிற்று. 583 பேர் மாண்டனர்.

மொழி வேறுபாடே இவ்வழிவுக்குக் காரணமெனக் கூறுவது எளிது. அது முழு உண்மையன்று. கோபுரத்துக்கும் பான் அமெரிக்கன் விமானத்துக்கும் இடையே தொடர்ந்த உரையாடலைச் செவிமடுத்த கே.எல்.எம். விமானப் பொறியியலாளர், அவ்விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா எனத் தம் தலைவரிடம் வினவினார். தலைவர் சரியாகக் கேளாதபோது மீண்டும் வினவினார். அவ்வினா இருவருக்கும் உரிய தாய்மொழியிலேயே எழுந்தது. அதில் மயக்கம் எதுவுமில்லை. விலகிவிட்டது என்று தலைவர் உறுதியாக விடையிறுத்தார். அந்நிறுவனத்தின் மிக மூத்த விமானிகளுள் ஒருவரான அவரை மூன்றாம் முறையும் வினவ எவரும் துணியவில்லை.

1990 ஜனவரி 25 ஆம் நாள் நிகழ்ந்த விபத்தும் இவ்வுண்மையை வலியுறுத்துகின்றது. கொலம்பியாவிலிருந்து நியூயோர்க் சென்ற அவியாங்கா விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேலாக வானிற் காத்திருக்கவைக்கப்பட்டது. தமக்கு முன்னுரிமை வேண்டும் என்றும், எரிபொருள் தீர்ந்துவருகிறது என்றும் துணை விமானி அறிவித்தார். 'அவசர நிலை' என்னும் விதிமுறைச் சொல்லை அவர் உரைக்கவில்லை. முதன்முறை தரையிறங்க இயலாமற்போன பின்னர், அவசர நிலையென அறிவிக்குமாறு தலைமை விமானி பணித்தார். அப்போதும் அச்சொல் வானொலியில் ஒலிக்கவில்லை. தாம் வகுத்த சுற்றுவழி விமானத்துக்கும் அதன் எரிபொருளுக்கும் ஏற்றதா எனக் கட்டுப்பாட்டாளர் கேட்டபோது, ஏற்றதென்றே நினைப்பதாக விடை பகர்ந்து, துணை விமானி நன்றியுங் கூறினார். சிறிது நேரத்தில் இயந்திரங்கள் ஓய்ந்தன. விமானத்திலிருந்த 158 பேரில் 73 பேர் இறந்தனர்.

எச்சரிக்கை என்பது வாயினின்று சொல் வெளிப்பட்டவுடன் நிறைவுறும் செயலன்று. கேட்பவர் அதனை எச்சரிக்கையென உணர்ந்தபோதே அது நிறைவுறுகிறது. 'சொற்களாற் செயல் புரிவது எவ்வாறு' எனத் தம் விரிவுரைகளில் ஆராய்ந்த ஆங்கில மெய்யியலாளர் ஜே. எல். ஒஸ்ரினின் கருத்தும் இதுவே. இதனை ஏற்பின், "நான் சொன்னேன்" என்பதும் "நான் கேட்டேன்" என்பதும் ஒருவரைக் குற்றத்தினின்று விடுவிக்கப் போதியவையல்ல.

அவ்வாறாயின் பொறுப்பு இருவருக்கும் சரிபாதியா? அன்று என்றே கூறவேண்டும். பணிந்து பேசவேண்டிய நிலையிலிருப்பவர் ஐயத்தை அரைகுறையாகவே வெளியிடுவார். 'ஆம்' என்பது அவருக்கு எளிய விடை. ஆதலின் அதிகாரமுடையவரின் கேட்கும் கடமை, அஃதில்லாதவரின் சொல்லும் கடமையினும் பெரிது. 'ஏற்றதா?' என வினவுவது போதாது. 'எத்தனை நிமிடங்களுக்கு எரிபொருள் உண்டு?' என வினவுதல் வேண்டும். முன்னையதற்குப் பணிவே விடையாகலாம். பின்னையதற்கு உண்மையே விடையாகும். இதனாற் பணியாளரின் கடமை நீங்கிவிடாது. ஏனையோர் உயிர் தம் சொல்லிற் தங்கியிருக்கையில் மௌனம் பணிவாகாது.

விமானத்துறை இதனை உயிர்களை விலையாகக் கொடுத்தே கற்றது. ரெனெரிஃபின் பின்னர், 'மேலெழுதல்' என்பதற்கான ஆங்கிலச் சொல் அதற்கான அனுமதியை வழங்கும்போதும் மீளப் பெறும்போதும் மட்டுமே ஒலிக்கவேண்டுமென விதிக்கப்பட்டது. பிற இடங்களிற் 'புறப்பாடு' என்பதே வழங்கும். முக்கிய அனுமதிகளை விமானி திருப்பிச் சொல்லுதலும், அதனைக் கட்டுப்பாட்டாளர் செவிமடுத்துச் சரிபார்த்தலும் கட்டாயமாயின. கீழுள்ளோர் தயங்காது வினவவும் தலைவர் அவ்வினாவுக்குச் செவிசாய்க்கவும் 1980 களிலிருந்து பயிற்சி அளிக்கப்பட்டு வருகிறது. சொற்களை ஒழுங்குபடுத்தியதைக் காட்டிலும் இப்பயிற்சியே ஆழமான மாற்றம் எனலாம். சொல்லைத் திருத்த விதி போதும். செவியைத் திருத்த மனம் வேண்டும்.

விமானங்களோடு தொடர்பற்ற இடங்களிலும் இந்நிலை உண்டு. விரிவுரை மண்டபத்தில் "விளங்கிற்றா?" என்ற வினாவுக்குக் கிடைக்கும் தலையசைப்பும், மருத்துவர் சொல்வதற்கெல்லாம் நோயாளி கூறும் "ஓம்" என்பதும் அத்துணை விமானியின் நன்றியுரைக்கு உறவானவையே. அங்கெல்லாம் கேடு உடனே தோன்றுவதில்லை. அதனாலேயே அது நெடுங்காலம் திருத்தப்படாமலும் இருந்துவிடுகிறது.