தாமதமாகிவிட்டது, கிளம்புங்கள்

உளவியலின் அறிமுகப் பாடப்புத்தகம் எதையாவது புரட்டினால், அநேகமாக இந்தச் சோதனை கண்ணில் படும். ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் 1973இல் வெளியிட்டது. பங்கேற்ற 40 பேரும் பிரின்ஸ்டன் இறையியல் செமினரி மாணவர்கள், அதாவது போதகராகப் படித்துக்கொண்டிருந்தவர்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறிய உரை ஆற்ற வேண்டும். பாதிப் பேருக்குத் தலைப்பு, செமினரியில் படித்தவர்களுக்கான வேலைகள். மீதிப் பேருக்கு, நல்ல சமாரியன் உவமை.

போகிற வழியில் ஒரு சந்து. அங்கே ஒரு கதவோரம் ஒருவர் தலை கவிழ்ந்து, இருமி முனகியபடி கிடக்கிறார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள்.

கிளம்பும்முன் உதவியாளர் சொன்ன வாக்கியத்தில்தான் சூட்சுமம். சிலரிடம் "இன்னும் சில நிமிஷம் இருக்கு, ஆனாலும் போய்க்கிட்டே இருங்க" என்றார். சிலரிடம் "அங்கே தயாராக இருக்கிறார்கள், கிளம்புங்கள்". சிலரிடம் "தாமதமாகிவிட்டது, உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்". முதல் வகையில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். இரண்டாவதில் 45. மூன்றாவதில் 10. மதத்தை ஒருவர் எந்த நோக்கத்தோடு அணுகுகிறார் என்பதைக் கேள்வித்தாள் வைத்து அளந்திருந்தார்கள். யார் நிற்பார், யார் நிற்கமாட்டார் என்று கணிக்க அது உதவவில்லை. சமாரியனைப் பற்றிப் பேசப் போன சிலரே கிடந்தவரைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

வகுப்பறையில் இதைச் சொன்னால் ஒரு சிரிப்பு எழும். "பக்தியெல்லாம் வேஷம்" என்பதற்கு ஆதாரம் கிடைத்த சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பில் நம்பிக்கை இல்லை.

முதலில் எண்கள். சமாரியன் உவமையைப் பேசப் போனவர்களில் 53 சதவீதம் பேர் உதவினார்கள். வேலைகளைப் பற்றிப் பேசப் போனவர்களில் 29. 40 பேர் மட்டுமே என்பதால் இந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகவில்லை. உறுதியாகவில்லை என்பதும் இல்லவே இல்லை என்பதும் வேறு வேறு. 1975இலேயே கிரீன்வால்ட் என்ற உளவியலாளர் இதைச் சுட்டிக்காட்டினார். பாடப்புத்தகங்கள் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. கதை சுவையாக இருக்க வேண்டுமே!

இரண்டாவது, இன்னும் முக்கியம். 1978இல் பேட்சனும் சகாக்களும் வேறொரு சோதனை செய்தார்கள். அவசரமாகப் போகிறவர்களில் சிலரிடம், நீங்கள் வருவது ஆய்வுக்கு மிக அவசியம் என்றார்கள். சிலரிடம், அவ்வளவு அவசியமில்லை என்றார்கள். அவசியமில்லை என்று கேட்டவர்கள் அதே அவசரத்திலும் அதிகம் நின்றார்கள். அப்படியென்றால் நிற்காமல் போனவரை வைத்தது கல்நெஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. தனக்காகக் காத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்த வாக்கு அவரை இழுத்திருக்கிறது. வாக்கு தவறாத நல்ல பையன்தான் சந்தில் கிடப்பவரைத் தாண்டிப் போகிறான். இதுதான் என்னை உறுத்துகிறது. கெட்டவனாக இருந்திருந்தால் விஷயம் சுலபம்.

உவமையையே திரும்பப் பாருங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் சாலை. ஆசாரியனும் லேவியனும் விலகிப் போகிறார்கள். சமாரியனும் பயணிதான், அவனுக்கும் போக வேண்டிய இடம் உண்டு. காயம் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, ஓர் இரவு பார்த்துக்கொள்கிறான். மறுநாள் இரண்டு தெனாரியம், அதாவது ஏறக்குறைய இரண்டு நாள் கூலி, சத்திரக்காரனிடம் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று கிளம்பிவிடுகிறான். பிரசங்கங்களில் இந்தச் சத்திரக்காரனுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. வியாபாரி அவன். காசு வாங்கிக்கொண்டு, மீதியைக் கடனாக நம்பி, நோயாளியைப் பார்த்துக்கொள்கிறான். அவனிடம் ஒரு காலி அறை இருந்தது. சத்திரம் நிரம்பி வழிந்திருந்தால் சமாரியனின் கருணை வாசலிலேயே நின்றிருக்கும்.

காலி அறை என்றதும் என் தொழில் ஞாபகம் வருகிறது. வரிசைக் கோட்பாட்டின் எளிய மாதிரி ஒன்றில், ஒரு சர்வர் 50 சதவீதம் பிஸியாக இருந்தால் புதிதாக வரும் வேலை சராசரியாக ஒரு வேலை முடியும் நேரம் காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் ஒன்பது மடங்கு. 95 என்றால் 19 மடங்கு. அதனால் எந்த சர்வரையும் முழுசாக நிரப்ப மாட்டோம். ஆனால் மனிதர்களின் நாட்காட்டியை அரை மணி இடைவெளி இல்லாமல் நிரப்பிவிட்டு அதற்குத் திறன் என்று பெயர் வைக்கிறோம். டெலிவரிக்கு 10 நிமிடம் என்று விளம்பரம் செய்திருக்கிறோம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் ரோட்டோரம் விழுந்து கிடக்கும் ஒருவருக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது?

அறம் என்றாலே தனிமனிதனின் நெஞ்சைத் தோண்டிப் பார்க்கும் பழக்கம் நமக்கு. பிரின்ஸ்டனில் 40 பேரையும் அளந்தார்கள். தாமதமாகிவிட்டது என்ற வாக்கியத்தை எழுதியவர்களை யாரும் அளக்கவில்லை. அது சோதனையின் வடிவமைப்பு, அவ்வளவுதான். அலுவலகத்தில் அந்த வாக்கியத்தை எழுதுபவர்கள் நிஜ மனிதர்கள். டீம் லீட் என்ற முறையில் நானும் எழுதுகிறேன்.

இதற்காகச் சந்தைத் தாண்டிப் போனவருக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. அவசரத்திலும் பத்தில் ஒருவர் நின்றாரே. ஆனால் அந்த ஒருவரை நம்பி ஒரு ஊர் நடக்க முடியாது. இந்தியாவில் 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். விபத்தில் உதவுபவர் தன் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன்கீழ் வகுத்த விதிகளில் உண்டு. ஜனங்களுக்கு இரக்கம் இல்லை என்று யாரும் பாடம் எடுக்கவில்லை. ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டிவரும் என்ற பயத்தைக் குறைக்கப் பார்த்தார்கள். எனக்கு இந்த அணுகுமுறை பிடித்திருக்கிறது.

காலாண்டுத் திட்டமிடலில் 20 சதவீத நேரத்தைக் காலியாக விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எதற்கு என்கிறார்கள். பட்டியல் போட்டுக் காட்ட முடிவதில்லை. இதுவரை 10 வரை இறங்கி வந்திருக்கிறார்கள்.