இறப்பை விரும்புதலும் குற்றமே



படுக்கையில் கிடந்து நோயால் துடிக்கும் முதியவரைக் காண்கின்றோம். 'இவரை ஓர் ஊசியால் இத்துன்பத்தினின்றும் விடுவித்தல் ஆகாதோ?' என்னும் எண்ணம் அன்புடையார் உள்ளத்திலும் எழுகின்றது. நெதர்லாந்து நாட்டில் 2002ஆம் ஆண்டு முதல், மருத்துவர் அவ்வாறு உயிர் முடித்தலைச் சில வரையறைகளோடு சட்டமே ஏற்கின்றது. ஜிநதர்மம் இதற்கு என்ன விடை கூறுகின்றது?

இவ்வினா புதிதன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே அமிர்தசந்திர ஆசாரியர் தம் 'புருஷார்த்த சித்தியுபாயம்' என்னும் நூலில் இதனை எடுத்துக்கொண்டார். கொன்றால் துன்பம் விரைவில் தீரும் என்று கருதித் துன்புறும் உயிரையும் கொல்லலாகாது என்பது அவர் முடிபு. துன்பம் அசாதாவேதநீய வினையின் பயன். உடல் வீழ்ந்தாலும் வினை உயிரோடு செல்லும். கடன்பட்டவனை வேற்றூருக்கு அனுப்பிவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா?

அங்ஙனமாயின் சல்லேகனையும் தற்கொலையன்றோ என்பர் சிலர். 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் இராசத்தான் உயர்நீதிமன்றம் அவ்வாறே கருதித் தீர்ப்பளித்தது. அம்மாதம் 31ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. நமக்குரிய விடையோ நம் நூல்களிலேயே உண்டு. நீக்கவொண்ணாத இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவை நேர்ந்தபோது அறத்தின் பொருட்டு உடலைத் துறத்தலே சல்லேகனை என்றார் சமந்தபத்திர சுவாமிகள். அதற்கு அதிசாரங்கள் ஐந்து: வாழ்வை விரும்புதல், இறப்பை விரும்புதல், அஞ்சுதல், நண்பரை நினைத்து உருகுதல், மறுமைப் பயன் வேண்டுதல். இறப்பை விரும்புதலே நோன்புக்கு மாசு என்றால், துன்பம் பொறாது சாவை நாடுதல் சல்லேகனை ஆவது எங்ஙனம்?

செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உடல் நீத்ததைக் கல்வெட்டு உரைக்கின்றது. சாவை விரைந்து தேடுவோர்க்கு 57 நாள் எதற்கு? உடலோடு கோபம், மானம், மாயை, உலோபம் என்னும் கஷாயங்களையும் மெலிவிப்பதே அந்நோன்பின் நோக்கம்.

ஆதலின் இல்லறத்தீரே, ஒன்றை அஞ்சுங்கள். 'பாட்டனார் சல்லேகனை ஏற்றால் குடும்பத்திற்குப் பெருமை' என்று தூண்டுதல் பிழை. பணிவிடைக்குச் சலித்து நோன்பின் பெயரைச் சொல்லுதல் பெரும்பிழை. நினைவு தப்பியவர்க்கு உணவை நிறுத்திவிட்டு அதனைச் சல்லேகனை என்னலாகாது. தாமே தெளிந்து, குருவின் இசைவு பெற்று ஏற்பதே நோன்பு. மீளவியலாத நிலையில் பயனற்ற கருவிகளை விலக்குதல் வேறு. 2018ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அதனை வரையறைகளோடு ஏற்றது. ஊசியிட்டு உயிர் முடித்தல் வேறு. அதனை நம் நாட்டுச் சட்டமும் ஏற்கவில்லை.

நமக்கு விதிக்கப்பட்ட அறம் வையாவிருத்தியம் என்னும் பணிவிடையே. புண்ணைக் கழுவுங்கள். வலி தணிக்கும் மருந்தைத் தயங்காது கொடுங்கள். நோயாளியின் கையைப் பற்றிக்கொண்டு, செவியில் விழுமாறு பஞ்சநமஸ்காரம் ஓதுங்கள். சாவை அழைக்கவும் வேண்டா. அது வரும்போது அஞ்சி அலறவும் வேண்டா.

அனைவர்க்கும் சமாதிமரணம் கைகூடுக! அறம் வெல்க!